டிரையர் வேண்டாம் என்றேன்

என்னுடைய பழைய வாஷிங் மிஷினுக்கு இரண்டு தொட்டி. இடது தொட்டி துவைக்கும், வலது தொட்டி பிழியும், நடுவில் நிற்பது நான். துவைத்ததைக் கையால் அள்ளி வலது பக்கம் போட்டு, மேலே வட்டமான பிளாஸ்டிக் தட்டை அமுக்கி, மூடியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். கையை எடுத்தால் மிஷின் தடதடவென்று நடக்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் டெலிபோன் அடிக்கிறதே என்று போய்விட்டு வந்தேன். அது ஐஸ்பெட்டி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. நேரம் வைக்கும் திருகு உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு குறடு வைத்துத் திருப்பிக்கொள்வேன். மிஷின் மேல் எந்நேரமும் குறடு கிடப்பது எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். யார் வந்தார்கள், அதை விடுங்கள்.

ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் என் மகள் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது அந்தக் குறட்டைப் பார்த்துவிட்டாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. அதிகாரம் மட்டும் பத்துப் பிள்ளைகளுக்கு உள்ளது.

"என்னம்மா இது? ஷாக் அடிச்சா யாரு வந்து பாக்கறது?"

"அடிக்காது. ரப்பர் செருப்பு போட்டுக்கறேன்."

"நல்லா இருக்கு போங்க. புதுசு வாங்கலாம்மா. கீழ ஆட்டோமேட்டிக் மிஷின், மேல டிரையர். ரெண்டும் செட்டா வருது. துணி காஞ்சே வெளிய வந்துடும். இந்த மூங்கில் கம்பெல்லாம் இனி தூக்க வேணாம். நான் வாங்கித் தரேன்."

"மிஷின் வேணும்னா பாக்கலாம். டிரையர் வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம் லா!"

என் கோபம் அவளுக்குப் பழக்கம். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று தன் தோழியிடம் சொல்லியிருக்கிறாள், என் காதில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது கோபமே இல்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதில் என்ன வெட்கம் என்பீர்கள். அந்த வயதில்தான் எனக்கு அதிகமாக வந்தது.

நான் இருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில். எதிரே அதே மாதிரி இன்னொரு பிளாக். இரண்டு பிளாக்கின் சமையலறை ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் மூன்று இரும்புக் குழாய்களைச் சுவரில் பதித்திருப்பார்கள். ஈரத்துணியை மூங்கில் கம்பில் கோத்து அந்தக் குழாயில் செருகிவிட்டால் கம்பு ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். மழை வந்தால் ஓடிப்போய் இழுத்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் பல்லை இளிக்கும், மூன்றே காலுக்கு ஊரே முழுகும்.

ஐம்பத்தைந்து வயது முடிந்ததும் அரசாங்கம் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆபீசில் இருந்தவரைக்கும் ஒரு நாளைக்கு என்னை எத்தனை பேர் கூப்பிட்டார்கள்! அந்த ஃபைல் எங்கே, இந்தக் கடிதம் அடித்தாயிற்றா, கொஞ்சம் இங்கே வாருங்கள். ஒரு நிமிஷம் என்னைச் சும்மா விடமாட்டீர்களா என்று ஒரு தடவை எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். பிறகு சும்மா விட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பாசாரில் மீன் விலை கேட்க வாயைத் திறந்தேன், குரல் கரகரவென்று பாதியில் நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனில் பேசிய பிறகு நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தேன். யாரோ தொண்டை கிழியக் கத்துகிற சத்தம்.

"தங்காச்சி! ஹோய், தங்காச்சி! ஹூஜான்! ஹூஜான்!"

ஹூஜான் என்றால் மலாயில் மழை. எழுந்து ஓடினேன். எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு சீனத்து அம்மா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தன் கம்பை இழுத்துக்கொண்டே மறு கையால் என் தலைக்கு மேலே சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என் பிளாக்கின் பின்னாலிருந்து மேகம் கருகருவென்று ஏறி வந்திருக்கிறது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அவர் பக்கத்து வானம்தான் எனக்குத் தெரியும், அது நீலமாகவே இருந்தது. கம்பை உள்ளே இழுத்ததும் சடசடவென்று பிடித்துக்கொண்டது. "தெரிமா காசி, ஆன்ட்டி!" என்று நன்றி சொல்லிக் கத்தினேன். அவர் கையை ஆட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் முதுகுக்குப் பின்னால் வரும் மழை அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் வரும் மழை எனக்குத் தெரியும். மேற்கே கிள்ளான் பக்கத்திலிருந்து மேகம் ஏறினால் அவர் கத்துவார், கிழக்கே அம்பாங் மலைப்பக்கம் இருட்டினால் நான் கத்துவேன். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை தங்கச்சி, அதையும் நீட்டித் தங்காச்சி என்பார். எனக்குச் சீனத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போகவில்லை, வரவில்லை. மூன்று வருஷமாக ஹூஜான்தான்.

அவர் வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று கூட்டம். அவருக்கு அது பழக்க தோஷத்தில் செய்கிற ஒரு உபகாரம். எனக்கு அப்படி இல்லை. நாள் முழுவதிலும் ஒரு ஆள் என்னை நினைத்து, என்னைத்தான் என்று குறிப்பாக, வாய்விட்டுக் கூப்பிடுகிற நேரம் அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் துவைத்தால் யதேஷ்டம். நான் தினமும் துவைத்தேன். கம்பு காலியாக இருந்தால் அவர் எதற்காகக் கூப்பிடுவார்? அழுக்கில்லாத நாளில் அலமாரியில் மடித்து வைத்த படுக்கை விரிப்பை எடுத்து நனைத்துப் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு தொட்டி மிஷின் என்னைப் பற்றி என்ன நினைத்ததோ தெரியாது.

மழையே வராத மாதங்களில் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் எரிச்சல் வரும். ஊரெல்லாம் நல்ல வெயில் என்று சந்தோஷப்படும்போது நான் ஜன்னலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது? டிரையர் வாங்கினால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் பாப்பா என்றா? அன்றைக்கே என்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள்.

அவள் ஜொகூருக்குத் திரும்பிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை போனில் இதே பேச்சு. கடையில் போய்ப் பார்த்துவிட்டாவது வாருங்கள் என்று ஒரே பிடிவாதம். போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு எலக்ட்ரிக் கடை. டை கட்டிக்கொண்டிருந்த விற்பனைக்காரர் என்னை ஒரு வெள்ளைப் பெட்டி முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து கையை உள்ளே விடச் சொன்னார். கதகதவென்று இருந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு மெத்தென்ற துண்டை நான் அதற்கு முன் தொட்டதில்லை.

"இது இருந்தா வெளிய துணி காயப்போடற வேலையே இல்ல ஆன்ட்டி. மழை வந்தா வரட்டும், நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்."

"தூங்கறதுக்கு எனக்கு மிஷின் வேணுமா? இப்பவே நான் பாட்டுக்கு நாளெல்லாம் தூங்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வழவழப்பான ஒரு படப் புத்தகத்தை என் கையில் திணித்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போட்டுக்கொண்டு வந்ததுதான் தப்பு.

மறுநாள் காலை பாசாரில் கீரைக்காரரிடம் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குட்டையான சீனத்து அம்மா தவ்கே என்கிற பயறு முளை பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை நான் இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு ஜன்னல் சட்டத்துக்குள். கடைக்காரரிடம் அவர் ஏதோ சத்தம் போட்டார். அந்தத் தொண்டையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆன்ட்டி! ஹூஜான்!" என்றேன். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவர் திரும்பிப் பார்த்தார், முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்காச்சி!" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யாராவது என்னைத் தொட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது.

அப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அவர் போய்விடுவாரோ என்று எனக்குப் பதற்றம். எங்களுக்குப் பொதுவாக இருந்தது மழையும் துணியும்தான். பையைத் திறந்து அந்தப் படப் புத்தகத்தை எடுத்தேன். நாங்கள் பேசியது பாசார் மலாய், சந்தைக்கு மட்டும் போதுமான மலாய், அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இதைப் பாருங்கள் ஆன்ட்டி, இது டிரையர், நேற்று நானே கையை விட்டுப் பார்த்தேன், துண்டு பஞ்சு மாதிரி வருகிறது, இனிக் கம்பு தூக்க வேண்டாம், ஓட வேண்டாம், முதுகு வலி இல்லை என்று கடைக்காரர் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணை விரித்து, "பாகுஸ் லா! பாகுஸ்!" என்று, பிரமாதம் பிரமாதம் என்று, தலையாட்டத் தலையாட்ட எனக்கு வாய் நிற்கவில்லை. எங்கே கடை என்று கேட்டார். வழி சொன்னேன். நீ வாங்கப் போகிறாயா என்று கேட்டார். மகள் வாங்கித் தருகிறாள் என்று பெருமை அடித்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். கால் மணி நேரம் ஒரு ஆளோடு பேசியிருக்கிறேன், சும்மாவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் முடிவாகச் சொன்னேன். மிஷின் மட்டும் போதும், டிரையர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி லா, உங்க இஷ்டம்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த வாரம் லோரியில் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்க மேலே தூக்கிவந்து புது மிஷினை வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள். புதியதற்கு நான் தேவையே இல்லை. துணியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் தானே தண்ணீர் பிடித்து, தானே துவைத்து, தானே பிழிந்து, முடிந்ததும் பீப் பீப் என்று மூன்று தடவை கத்தியது. சரி, இதுவாவது கூப்பிடுகிறதே என்று எனக்கே சிரிப்பு வந்தது. துணியை எடுத்து வழக்கம்போலக் கம்பில் கோத்து வெளியே செருகினேன்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் வானம் நல்ல நீலம். நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல், காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். சத்தம் வந்தது, ஆனால் அது மழையே பெய்கிற சத்தம். ஓடிப்போய் இழுப்பதற்குள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. கோவிலுக்குப் போயிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கிழக்கே இருட்டியது. இது என் முறை என்று ஜன்னலுக்கு ஓடி, "ஆன்ட்டி! ஹூஜான்! ஹூஜான்!" என்று கத்தினேன். ஜன்னல் திறக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய மூன்று குழாயிலும் ஒரு கம்புகூட இல்லை. அவர் வீட்டுக்கு மேல் மாடிப் பெண் எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

 கீழே விழுந்திருப்பாரோ, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரோ, ஏன், அதற்கும் மேலே ஏதாவது ஆகியிருந்தால்கூட எனக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நான் யார் அவருக்கு? மறுநாள் காலை ஆரஞ்சுப் பழம் நாலு வாங்கிக்கொண்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எதிர் பிளாக்கின் படி ஏறினேன்.

கதவைத் திறந்தது அவர்தான். கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "தங்காச்சி!" என்று கையைப் பிடித்து நேராகச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே நின்றது அந்த வெள்ளைப் பெட்டி. கீழே மிஷின், மேலே டிரையர், நான் படத்தில் காட்டிய அதே செட். வீடு சின்னது, வைக்க வேறு இடமில்லை. ஜன்னலை அடைத்து நிறுத்தியிருந்தார்கள். என் வீடு தெரிகிற அந்த ஜன்னலில் ஒரு விரற்கடை வெளிச்சம்தான் மிச்சம் இருந்தது.

நீ காட்டிய புத்தகத்தை மகனிடம் கொடுத்தேன், போன வாரம் போய் வாங்கிவிட்டான், எல்லாம் உன்னால்தான் என்று என் தோளைத் தட்டினார். கதவைத் திறந்து பேரனுடைய பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக் காட்டினார். சூடாக இருந்தது. குளிர்ந்த சாமந்திப்பூ டீ கொடுத்தார். பிறகு கேட்டார்.

"உன் வீட்டுக்கும் வந்துடுச்சில்ல? லோரில பெரிய பெட்டி வந்துச்சே, நான் கீழேருந்து பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. இனி நீயும் ஓட வேணாம், நானும் கத்த வேணாம்."

அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. என் வாயை நினைத்துத்தான் கோபம். கால் மணி நேரப் பேச்சுக்கு ஆசைப்பட்டு, இருந்த ஒரு குரலையும் நானே விற்றுவிட்டு வந்திருக்கிறேன். என் வீட்டுக்கு டிரையர் வேண்டாம் என்று மகளிடம் சண்டை போட்ட அதே வாய், இவர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. இல்லை ஆன்ட்டி, நான் இன்னும் கம்பில்தான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பாசார் மலாயில் என்னிடம் வார்த்தை இல்லை. தமிழிலேயே இருந்ததில்லையே.

"ஆமா ஆன்ட்டி, வந்துடுச்சு," என்றேன். "ரொம்ப வசதி."

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அடிக்கடி வா என்றார். நல்ல மனுஷி, மனசாரத்தான் சொன்னார். ஆனால் எதற்காக வருவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. பிடித்த கைப்பிடியை விடாமல் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மகள் கூப்பிட்டாள். மிஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றேன். இந்த வாரமெல்லாம் துணி மழையில் நனைந்து நாறுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விடுவாளா?

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? டிரையர் வாங்கிடலாம்மா. நாளைக்கே கடைக்குப் போன் பண்றேன்."

"வேணாம்."

"அய்யோ, ஏம்மா இப்படிப் பிடிவாதம் பண்றீங்க? அப்ப என்னதான் பண்ணணும்கறீங்க?"

டெலிபோன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

"மத்தியானத்துல மழை வந்தா எனக்கு ஒரு போன் பண்றியா பாப்பா?"

"என்னது?"

"மழை வருதுன்னு சொல்றதுக்கு. போன் அடிச்சா நான் எந்திரிச்சு துணிய எடுத்துக்குவேன்."

"அம்மா, நான் ஜொகூர்ல இருக்கேன். அங்க மழை வர்றது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உனக்குத் தெரிய வேணாம். அங்க மழை வருதாம்மான்னு என்னைக் கேக்கறதுக்குப் பண்ணு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.